வீட்டுக் கூரையில் நிஜ வானம்: இருட்டில் ஒளிரும் நட்சத்திரங்களை நீங்களே அமைக்க முழுமையான வழிகாட்டி

கடையில் கிடைக்கும் ஒளிரும் நட்சத்திர ஸ்டிக்கர்களைக் கூரையில் இஷ்டத்துக்கு ஒட்டி விளக்கை அணைத்தால், முதல் நாள் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். ஒரு வாரம் போனால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெளிச்சம். அதில் கண்டுபிடிக்க எதுவும் இல்லை.

அதே உழைப்பில், ஜனவரி கடைசியில் இரவு 9 மணிக்கு நம் தலைக்கு மேல் இருக்கும் வானத்தையே அறைக்குள் கொண்டுவரலாம். ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டம் அப்போது தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். அதைத் தொட்டுக்கொண்டு கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என்று பஞ்சாங்கத்தில் அடுத்தடுத்து வரும் 4 நட்சத்திரங்களும் வரிசையாக இருக்கின்றன. ஜாதகத்தில் மட்டும் கேட்டுப் பழகிய பெயர்களை, இதோ இங்கே என்று விரல் நீட்டிக் காட்ட முடிகிறது. நான் சொல்லப்போவது அந்த ஒரு பகுதியை மட்டும், அளவு பிசகாமல் அமைக்கும் முறை. 10 அடிக்கு 10 அடி அறை போதும்.

எது ஒளிரும், எது ஒளிராது

பணத்தை வீணாக்காமல் இருக்க இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ‘க்ளோ’ என்ற பெயரில் சந்தையில் பல பொருள்கள் உலவுகின்றன.

நியான் நிறப் பெயிண்டும் ஹைலைட்டர் மையும் புற ஊதா விளக்கு எரியும்வரைதான் பளிச்சென்று தெரியும். விளக்கை அணைத்தால் அந்த நொடியே இருட்டு. வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைகளில் ‘ரேடியம்’ என்று சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ஷீட். அதுவும் தானாக ஒளிராது. விழாக்களில் விற்கும் ஒளிரும் குச்சிகளை வெட்டி உள்ளே இருக்கும் திரவத்தை ஊற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் குச்சிக்குள் ஒரு கண்ணாடிக் குழல் உடைந்து கிடக்கும். திரவம் கண்ணிலும் தோலிலும் எரிச்சல் தரும். மறுநாள் வெளிச்சமும் இருக்காது.

நமக்கு வேண்டியது வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் மெல்ல விடும் பவுடர். இதில் இரண்டு வகை. பழையது ஜிங்க் சல்ஃபைடு. விலை குறைவு, சீக்கிரம் மங்கிவிடும். புதியது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். அதில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் ஆகிய தனிமங்கள் மிகச் சிறிதளவு கலந்திருக்கும். 1993-ல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் உருவாக்கியது இது. பழையதைவிடப் பல மடங்கு பிரகாசம், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு விடியும்வரைகூடத் தெரியும். பாக்கெட்டில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இதில் கதிரியக்கம் கிடையாது. நூறு ஆண்டுகளுக்கு முன் கடிகார முள்களில் பூசி, பூசிய பெண்களின் உயிரையே பறித்த ரேடியம் வேறு, இது வேறு.

நிறத்தில் பச்சையும் நீலப்பச்சையும்தான் நன்றாக ஒளிரும். சிவப்பு, ஆரஞ்சு பவுடர்கள் மிக விரைவில் அணைந்துவிடும். திருவாதிரை வானத்தில் செம்மஞ்சளாகத் தெரிகிறதே, அதற்கு ஆரஞ்சு வைக்கலாமே என்று தோன்றும். வைத்தால் சற்று நேரத்தில் மற்றவை எல்லாம் எரிந்துகொண்டிருக்க அது மட்டும் காணாமல் போகும். எல்லாவற்றுக்கும் நீலப்பச்சையே என் தேர்வு. பச்சை கொஞ்சம் அதிகப் பிரகாசம்தான். ஆனால் நீலப்பச்சைதான் நட்சத்திர வெள்ளைக்கு அருகில் நிற்கிறது.

இன்னொரு விஷயம், தண்ணீர். சாதாரண ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டில் ஈரம் பட்டால் மெல்லச் சிதைந்து ஒளியை இழக்கும். தண்ணீர் சேர்ந்த பசையிலோ அக்ரிலிக்கிலோ கலக்கப்போகிறீர்கள் என்றால் நீர்புகா பூச்சு கொண்ட பவுடர் என்று கேட்டு வாங்க வேண்டும். கடலோர ஊர்க்காரர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வாங்க வேண்டியவை

பவுடர் 20 கிராம் தாராளம். ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும் நிறமில்லாத அக்ரிலிக் மீடியம் ஒரு சிறு டப்பா. அது கிடைக்காவிட்டால் காய்ந்தால் கண்ணாடி போலத் தெளியும் பசை. வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் கொஞ்சம், வெள்ளை ஸ்டிக்கர் ஷீட் ஒன்று, தூசி முகமூடி, ஐஸ்கிரீம் குச்சி, பழைய டூத் பிரஷ், டேப், நூல், அளவு நாடா. புள்ளி வைக்க ஈர்க்குச்சியைவிடச் சிறந்த கருவி நான் பார்த்ததில்லை. தடித்த அடிப்பகுதி, நடு, நுனி என்று வெட்டி வைத்துக்கொண்டால் மூன்று அளவுகளில் புள்ளி வரும்.

தயார் நிலையில் விற்கும் க்ளோ பெயிண்டும் உண்டு. அதில் பவுடரின் அளவு பெரும்பாலும் குறைவு. ஒரே இடத்தில் பல தடவை பூசினால்தான் உருப்படியாகத் தெரியும்.

கூரையைச் சோதிப்பது

ஒரு துண்டு செலோ டேப்பைக் கூரையில் அழுத்தி ஒட்டி இழுத்துப் பாருங்கள். டேப்பில் வெள்ளைத் தூள் வந்தால் அது சுண்ணாம்போ மலிவான டிஸ்டெம்பரோ பூசிய கூரை. அதன் மேல் எது வைத்தாலும் உதிரும். புள்ளி வைக்கப்போகும் இடங்களில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் ப்ரைமர் தொட்டுவிட்டால் பிடித்துக்கொள்ளும். வாடகை வீடு என்றால் கூரையைத் தொட வேண்டாம். பள்ளிப் புராஜெக்ட்டுக்கு வாங்கும் கறுப்பு சன்பேக் ஷீட்டில் அமைத்துச் சுவரில் சாய்த்து வைக்கலாம், வீடு மாறும்போது கையோடு எடுத்தும் போகலாம். கறுப்பின் மேல் செய்பவர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் முதலில் வெள்ளைப் பெயிண்ட் வைக்க வேண்டும். இந்தப் பவுடர் பாதி ஊடுருவும் தன்மை கொண்டது. அடியில் கறுப்பு இருந்தால் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும், வெள்ளை இருந்தால் திருப்பி அனுப்பும். வெள்ளைக் கூரைக்கு இந்த வேலை இல்லை.

திசை பிடிப்பது

அறைக்குள் மொபைல் திசைகாட்டியை நம்பாதீர்கள். கான்கிரீட்டில் இருக்கும் கம்பிகளும் இரும்புக் கட்டிலும் ஊசியை இழுக்கும். மொட்டைமாடிக்குப் போய், கைப்பிடிச் சுவர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு, அதற்கு இணையாகக் கீழே அறைச் சுவரில் வடக்கைக் குறியுங்கள். நம் வீடுகளில் பல வாஸ்து பார்த்துக் கட்டியவை என்பதால் சுவர்கள் ஏறக்குறைய திசைகளுக்கு நேராகவே இருக்கும். அது இங்கே வசதி. ஓரியனின் நடுவே ஒரே கோட்டில் நிற்கும் 3 நட்சத்திரங்களை அதன் இடுப்புப் பட்டை என்பார்கள். அந்தக் கோட்டை நீட்டினால் ஒரு பக்கம் தென்கிழக்கில் சிரியஸ் என்ற நட்சத்திரம், மறுபக்கம் வடமேற்கில் ரோகிணி, அதற்கும் அப்பால் கார்த்திகை. ஆக, மொத்த அமைப்பும் அறையின் மூலைவிட்டத்தில் அழகாகப் படுத்துக்கொள்ளும்.

அளவுகள்

வானத்தின் 1 பாகைக்குக் கூரையில் 4 செ.மீ. என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். பட்டையின் நடு நட்சத்திரம் ஆல்நிலாம்தான் தொடக்கப் புள்ளி. மற்ற எல்லாம் அதிலிருந்து அளப்பவை.

- ஆல்நிடாக்: கிழக்கே 4.5, தெற்கே 3 செ.மீ.
- மின்டாகா: மேற்கே 4, வடக்கே 3.5
- திருவாதிரை: கிழக்கே 19, வடக்கே 34
- பெல்லாட்ரிக்ஸ்: மேற்கே 11, வடக்கே 30
- சைஃப்: கிழக்கே 11.5, தெற்கே 34
- ரைஜல்: மேற்கே 21.5, தெற்கே 28
- மிருகசீரிடம்: மேற்கே 1, வடக்கே 44.5
- சிரியஸ்: கிழக்கே 68, தெற்கே 62
- ரோகிணி: மேற்கே 59.5, வடக்கே 71
- கார்த்திகை: மேற்கே 105, வடக்கே 101

சரிபார்க்க ஒரு வழி: திருவாதிரைக்கும் ரைஜலுக்கும் இடையே 74 செ.மீ. வர வேண்டும். பட்டையிலிருந்து சிரியஸுக்கும் ரோகிணிக்கும் ஏறக்குறைய ஒரே தூரம், 92 செ.மீ. இந்த மூன்றும் பொருந்தினால் மற்றவையும் சரியாகவே இருக்கும்.

நம் அறைகளில் நடுவில் மின்விசிறி தொங்குமே, அதற்கும் இடம் பார்க்க வேண்டும். விசிறியின் கம்பி, பட்டைக்கும் ரோகிணிக்கும் நடுவே, பட்டையிலிருந்து 46 செ.மீ. தூரத்தில் வரும்படி ஆல்நிலாமை வையுங்கள். அங்கே முக்கியமான நட்சத்திரம் எதுவும் இல்லை. விசிறி சுழலும்போது இறக்கைகளுக்கு மேலே இருக்கும் புள்ளிகள் தெரியத்தான் செய்யும். வேலை நடக்கும்போது மட்டும் விசிறியின் சுவிட்சை அணைத்து, யாரும் போடாதபடி அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

ஏணியில் நின்றபடி கூரையில் அளப்பது கழுத்துக்குக் கேடு. செய்தித்தாள்களை ஒட்டிப் பெரிய தாளாக்கி, தரையில் விரித்து அதிலேயே எல்லாவற்றையும் குறிப்பதுதான் நல்லது. இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். தரையில் வடக்கு மேலே என்று வைத்து வரையும்போது கிழக்கு வலப்பக்கம் இல்லை, இடப்பக்கம். நாம் மேலே நிமிர்ந்து பார்க்கப்போகும் படம் அது. நிலப்பட வழக்கத்தில் கிழக்கை வலப்பக்கம் வைத்தால் ஓரியன் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பிவிடும். இடப்பக்கம் கிழக்காக வரைந்து, வரைந்த முகம் கீழே நம்மைப் பார்க்கும்படி தாளைக் கூரையில் டேப் போட்டு ஒட்டி, வடக்கைச் சுவரின் வடக்கோடு பொருத்துங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியால் குத்தி, ஓட்டை வழியே பென்சில் முனையைத் தொட்டு எடுத்தால் குறி விழுந்துவிடும்.

புள்ளியின் பருமன்

கடை ஸ்டிக்கர் கோட்டைவிடும் இடம் இதுதான். வானத்தில் சிரியஸ் அளவுக்கு வேறெந்த நட்சத்திரமும் பிரகாசமில்லை. மின்டாகாவைப் போல ஏறக்குறைய 30 மடங்கு வெளிச்சம். இருட்டில் ஒரு புள்ளி எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பது அதன் பரப்பைப் பொறுத்தது. அதனால் விட்டத்தை மாற்றினாலே வானத்தின் வரிசை வந்துவிடும்.

சிரியஸ் 12 மி.மீ., ரைஜல் 6, திருவாதிரை 5, ரோகிணி 4. பெல்லாட்ரிக்ஸ், ஆல்நிலாம், ஆல்நிடாக் மூன்றுக்கும் 3. மின்டாகாவுக்கும் சைஃபுக்கும் இரண்டிலிருந்து இரண்டரை. மிருகசீரிடம் ஈர்க்குச்சியின் நுனி தொட்ட அளவு போதும். கார்த்திகைக்கு அதே நுனியால், 4 செ.மீ. அகலத்துக்குள் நெருக்கமாக 6 புள்ளிகள்.

திருவாதிரையின் வெளிச்சம் நிலையானதல்ல. 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரிவரை அது கண்ணுக்கே தெரியும்படி மங்கிப்போய், வெடிக்கப்போகிறதோ என்று உலகமே பேசியது. அது வெளித்தள்ளிய தூசு மறைத்ததுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் அந்தப் புள்ளியை மறக்கவே மாட்டார்கள்.

கலப்பதும் வைப்பதும்

முகமூடி போட்டுக்கொண்டு, விசிறியை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். எடையில் 1 பங்கு பவுடருக்கு மூன்றிலிருந்து 4 பங்கு மீடியம். ஒரு தடவைக்கு 5 கிராம் பவுடருக்கு மேல் கலக்க வேண்டாம். ஐஸ்கிரீம் குச்சியால் மெல்லக் கிளறுங்கள், அரைக்காதீர்கள். இந்தப் பவுடரின் மணிகள் உடைந்தால் ஒளி குறையும். ஸ்டீல் ஸ்பூனும் வேண்டாம். மணிகள் மிகக் கடினமானவை, உலோகத்தைச் சுரண்டிக் கலவையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். தண்ணீர் ஊற்றி இளக்கவே கூடாது. இட்லி மாவுப் பதத்தில் இருந்தால் கூரையில் வைத்த புள்ளி வழியாமல் நிற்கும்.

கலவையைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் மேலே பால் போல மீடியம், அடியில் மணல் போலப் பவுடர் என்று பிரிந்துவிடும். பவுடர் அவ்வளவு கனம். மேலாக மட்டும் தொட்டு வைத்த புள்ளிகள் காய்ந்த பின் ஒளிரவே ஒளிராது, ஏன் என்றும் புரியாது. ஆகவே இரண்டு மூன்று புள்ளிக்கு ஒரு தடவை அடிவரை கிளறுங்கள். பாட்டில் மூடியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுவது நல்லது.

சிரியஸ், ரைஜல், திருவாதிரை மூன்றையும் நேராகக் கூரையில் வரைய முயலாதீர்கள், வட்டம் சீராக வராது. வெள்ளை ஸ்டிக்கர் ஷீட்டின் ஒரு மூலையில் கலவையை 3 தடவை பூசி, ஒவ்வொன்றுக்கும் இடையே நன்றாகக் காயவிட்டு, ஒரு நாள் கழித்து வெட்டி ஒட்டுங்கள். ரைஜலுக்கு அலுவலகக் காகித பஞ்ச் போதும், அது போடும் வட்டம் சுமார் 6 மி.மீ. தான். மற்ற நட்சத்திரங்களுக்கு ஈர்க்குச்சியைக் கலவையில் தொட்டு, செங்குத்தாகக் கூரையில் வைத்து, பக்கவாட்டில் இழுக்காமல் நேராகக் கீழே எடுக்க வேண்டும். அப்போது புள்ளி சிறு முத்துப் போலப் புடைத்து நிற்கும். கனம் கூடக் கூட ஒளியும் கூடும் என்பதால் காய்ந்த பின் அதன் மேலேயே இன்னொரு தடவை வையுங்கள். மழைக்காலத்தில் காய இரட்டிப்பு நேரம் கொடுங்கள்.

முதல் புள்ளியைக் கூரையில் வைக்கும் முன், அதே கலவையை ஒரு அட்டையில் வைத்துக் காயவிட்டுக் குளியலறை இருட்டில் சோதித்துவிடுங்கள். ஏணியில் ஏறிய பின் பவுடர் போதவில்லை என்று தெரிவது பெரிய எரிச்சல்.

நெபுலாவும் பால்வழியும்

பட்டைக்குத் தெற்கே 17 செ.மீ., மேற்கே 1 செ.மீ. தள்ளி ஓரியன் நெபுலா. நட்சத்திரங்கள் பிறக்கும் மேகம் அது. இதற்குப் புள்ளி கூடாது. ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷில் துளிக் கலவையை எடுத்து, நகம் அளவு இடத்தில் லேசாகத் தட்டினால் புகை படிந்ததுபோல வரும்.

பால்வழி திருவாதிரைக்கும் சிரியஸுக்கும் கிழக்கே, வடக்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து போகிறது. டூத் பிரஷ்ஷில் கலவையைத் தொட்டு, கட்டை விரலால் மயிர்களை வருடித் தெளிக்க வேண்டும். இதற்கு மட்டும் கலவையைக் கூடுதல் மீடியம் விட்டு இளக்கிக்கொள்ளலாம். மேல்நோக்கித் தெளிப்பதால் கண்ணாடி அணிவது கட்டாயம், கட்டிலின் மேல் பழைய போர்வை விரிப்பதும் கட்டாயம். ஓரியன் பக்கம் இருக்கும் பால்வழி இயல்பிலேயே மங்கலானது. கொஞ்சமாகத் தெளியுங்கள். அதிகமானால் ஓரியனையே அமுக்கிவிடும்.

நகரும் நிலா

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது. கடைகளில் தட்டு அளவுக்கு ஒளிரும் நிலா விற்கிறார்கள். ஆனால் வானத்தில் நிலா அரைப் பாகைதான். நம் கணக்கில் 2 செ.மீ., ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். அட்டையில் 2 செ.மீ. வட்டம் வெட்டி, வெள்ளை பூசி, அதன் மேல் கலவை பூசுங்கள். பின்னால் போஸ்டர் ஒட்டும் களிமண் போன்ற புட்டியை வைத்தால் ஒட்டவும் எடுக்கவும் வரும்.

நிலா ஒரு நாளுக்குச் சுமார் 13 பாகை கிழக்கே நகரும். கூரையில் 52 செ.மீ. அதன் பாதை கார்த்திகைக்குச் சற்றுத் தெற்கே, ரோகிணிக்குச் சற்று வடக்கே புகுந்து, திருவாதிரைக்கு வடக்கே 64 செ.மீ. வாக்கில் போகும். மாதத்துக்கு மாதம் இந்தக் கோட்டிலிருந்து 20 செ.மீ. வரை இப்படியும் அப்படியும் விலகலாம். காலண்டரில் இன்று ரோகிணி என்று போட்டிருந்தால் நிலாவை அந்தப் பக்கம் ஒட்ட வேண்டியதுதான். கார்த்திகை தீபத்தன்று முழுநிலா கார்த்திகைக்குப் பக்கத்தில் நிற்கும். மார்கழித் திருவாதிரைக்கு அது திருவாதிரையின் வடக்கே வந்திருக்கும். அந்த இரவுகளில் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப் போய் மேலே பார்க்கச் சொல்லுங்கள், பிறகு கீழே வந்து நிலாவை அவர்களே ஒட்டட்டும்.

கோள்களைப் பந்தாகத் தொங்கவிட விரும்புபவர்கள் தெர்மாகோல் பந்தில் தின்னர் கலந்த பெயிண்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கரைந்துவிடும். அக்ரிலிக் மட்டும் பயன்படுத்துங்கள்.

வெளிச்சம் ஊட்டுவது

பவுடர் விரும்பி வாங்குவது நீலமும் புற ஊதாவும். மஞ்சள் வெளிச்ச பல்பின் கீழ் மணிக்கணக்கில் வைத்தாலும் மந்தமாகத்தான் இருக்கும். வெள்ளை எல்.இ.டி. ட்யூப் லைட் பத்து, பதினைந்து நிமிடம் எரிந்தால் போதும். புற ஊதா டார்ச் இருந்தால் புள்ளிக்குச் சில நொடிகள். அதைக் கண்ணில் அடிக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது.

விளக்கை அணைத்ததும் பளீரென்று இருக்கும் ஒளி, முதல் சில நிமிடங்களிலேயே வெகுவாக இறங்கிவிடும். கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம், அது அப்படித்தான். அதன் பிறகு மெதுவாகவே குறையும். அதற்குள் நம் கண் இருட்டுக்குப் பழகிவிடும். முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஜீரோ வாட் பல்பு, சார்ஜரின் சிறு விளக்கு, ஜன்னல் வழியே வரும் தெரு விளக்கு எல்லாவற்றையும் மறைத்தால்தான் கார்த்திகையின் ஆறும் பிரிந்து தெரியும்.

சுத்தம் செய்ய உலர்ந்த ஒட்டடைக் குச்சி போதும், ஈரத்துணி வேண்டாம். ஏதாவது ஒரு நட்சத்திரம் அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருந்தால் ஓரத்தில் கூரைப் பெயிண்டைத் தொட்டுச் சுருக்கிவிடலாம். புள்ளிகளைக் குறித்த செய்தித்தாள் அச்சைத் தூக்கிப் போடாமல் சுருட்டி அலமாரி மேல் வையுங்கள். அடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது புள்ளிகள் எல்லாம் மறைந்துவிடும். அச்சு இருந்தால் திரும்ப வைக்க ஒரு பிற்பகல் போதும்.